நான் கொட்டிய தண்ணீரும் நீ வாங்கிய பொடியும்

என் கண்ணு,

வியாழக்கிழமை நீ கத்தாருக்குக் கிளம்புகிறாய். அதற்குள் ஒரு விஷயத்தை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை முயன்றேன். ஒரு முறை உன் அம்மா வந்துவிட்டாள். இன்னொரு முறை நான் ஆரம்பித்ததுமே நீ, “விடுப்பா, அதெல்லாம் முடிஞ்சு போச்சு” என்று சொல்லிவிட்டாய். உனக்கு முடிந்திருக்கலாம், எனக்கு இன்னும் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்றும் இல்லை. என்னைப் போல் அவசரப்படுகிற அப்பன் யாராவது படித்தால், அவன் மகனுக்காவது உபயோகப்படும்.

நீ பாலிடெக்னிக் முடித்த வருஷம் வேங்கிக்காலில் ஜிம்மில் சேர்ந்தாய். ஒரு நாள் சாயங்காலம் வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு ஒரு பெரிய கறுப்பு டப்பாவோடு வந்தாய். நான் கொட்டகையில் பன்னீர் பிழிந்துகொண்டிருந்தேன். பதினெட்டு வருஷமாக அடி அண்ணாமலையில் எனக்கு இதுதான் பிழைப்பு. ஊர்ப் பாலை வாங்கி, காய்ச்சி, எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து, துணியில் கட்டிக் கல் வைத்து அழுத்தி, டவுன் லாட்ஜுகளுக்கும் ஓட்டல்களுக்கும் கொண்டுபோய்ப் போடுகிறவன் நான். துணியிலிருந்து வடிகிற மஞ்சள் தண்ணீர் குழாய் வழியாக வாழைக்குப் போய்விடும். கொஞ்சம் மாட்டுத் தொட்டிக்கும் போகும். நான் உன் டப்பாவைப் பார்த்து, “இது இன்னாடா, உரமா?” என்று கேட்டேன்.

“புரோட்டீன் பவுடர்ப்பா. பால்ல இருந்து எடுக்கறது.”

“பாலை நாங்கூடத்தான் கையில வெச்சினு இருக்கறேன். பால்ல எதுல இருந்து?”

“பால் திரிஞ்சா ஒரு தண்ணி தனியா நிக்குதில்ல. அதுல இருந்துதான்.”

நான் குழாயைப் பார்த்தேன், டப்பாவைப் பார்த்தேன், வயிறு குலுங்கச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் விடவில்லை. டீக்கடையில் சொன்னேன், லாட்ஜ் சமையல்காரர்களிடம் சொன்னேன், பால் ஊற்ற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். “நான் கொட்டற தண்ணிய எம் புள்ள டப்பாவுல வாங்கிக் குடிக்கறான்” என்பது அந்தக் கோடை முழுக்க என்னுடைய வேடிக்கைக் கதையாக இருந்தது. ஒரு முறை நீ டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்துவதைக் கவனிக்காமல் சொல்லிவிட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரும்பிப் போனாய். வீட்டில் அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அதன் பிறகு நீ வீட்டுச் சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்தாய். காலையில் இட்லிக்குப் பதில் ஒரு கரண்டிப் பொடி, ஜிம்முக்குப் பிறகு ஒரு கரண்டி, ராத்திரிச் சோற்றுக்குப் பதில் இன்னொன்று. உன் அம்மா காராமணிக் குழம்பு வைத்துவிட்டுச் சட்டியைத் திறந்து திறந்து மூடுவாள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, ஏன் இப்படிச் செய்கிறாய் என்று உன்னிடம் கேட்கவில்லை. கேலி செய்கிறவனிடம் பிள்ளை காரணம் சொல்ல மாட்டான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

பிறகுதான் அந்த ஓமான் வேலை வந்தது. குளிர்பதனக் கிடங்கில் ஏசி மெக்கானிக். இண்டர்வியூ தேறி, சென்னைக்குப் போய் மெடிக்கல் டெஸ்ட்டும் கொடுத்துவிட்டு வந்தாய். ரெண்டு நாளில் ரிப்போர்ட் வந்தது. நீ அதை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாய். நான் எடுத்துப் படித்தேன். கிரியேட்டினின் என்று ஒரு வரி, அதன் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு எண், கீழே ‘மறுபரிசோதனை செய்யவும்’ என்று ஒரு குறிப்பு. அந்த வார்த்தை எனக்குப் புதிதில்லை. சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடித்து வெளியே தள்ள வேண்டிய கழிவு அது. உன் பெரியப்பாவை மூன்று வருஷம் வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனவன் நான். ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணைத்தான் முதலில் தேடுவோம். கடைசியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான்தான். அந்தக் காகிதத்தில் எனக்கு உன் பெயர் தெரியவில்லை, அவர் முகம்தான் தெரிந்தது.

குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நீ வெளியே வருவதற்குள் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டுவிட்டேன்.

“சார், எம் பையனுக்குக் கிட்னி போச்சு சார். அவன அனுப்ப மாட்டோம். வேற ஆளப் பாத்துக்குங்க.”

“இருங்க சார், அவரே பேசட்டுமே. ரீடெஸ்ட்தான கேட்டிருக்காங்க?”

“நான் அவன் அப்பன் பேசறேன். இதுக்கு மேல அவன் இன்னா பேசணும்?”

நீ தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, உன்னைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு நான் நின்றுகொண்டிருந்தேன். என்ன செய்தேன் என்று சொன்னேன். நீ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனை எடுத்தாய். திரும்ப அந்த ஏஜென்ட்டைக் கூப்பிட்டாய். அவர் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் நான் தனியாக ஜிம்முக்குப் போனேன். சண்டைக்குத்தான் போனேன். உன் மாஸ்டர் யாருக்கோ கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் முன்னால், “உன் பொடியால எம் புள்ள கிட்னி போச்சுய்யா” என்று கத்தினேன். அவர் கம்பியை நிதானமாக இறக்கி வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்கண்ணா. நான் அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கரண்டிதான் சொன்னேன். அதுவும் சாப்பாட்டுல கம்மியா போற அன்னிக்கு. எத்தன போடறாரு?”

“மூணு.”

“சாப்பாடு?”

“அத எங்க சாப்பிடறான்?”

“இது எனக்குத் தெரியாதுங்கண்ணா. தெரிஞ்சிருந்தா நானே நிறுத்தியிருப்பேன். சரி, டெஸ்ட்டுக்கு முந்தின நாள் இன்னா பண்ணாருன்னு கேட்டீங்களா?”

நான் எதையும் கேட்டிருக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

டவுனில் டாக்டரிடம் நாம் ரெண்டு பேரும் போனோமே, அவர் கேட்டதும் அதையேதான். முந்தின நாள் கால்களுக்குக் கடுமையான பயிற்சி செய்திருந்தாய். வெயிலில் பஸ்ஸில் போனாய், தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. இந்தப் பொடியோடு கிரியேட்டின் என்ற இன்னொரு பொடியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். அது உடம்பில் கிரியேட்டினினாகத்தான் மாறும் என்று அவர் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெயரிலேயே இருந்திருக்கிறது, ரிப்போர்ட்டைப் படித்த நான் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் நிறுத்து, ரெண்டு வாரம் கழித்து வா என்றார். மறுபரிசோதனையில் எண் சரியாக இருந்தது. “கிட்னி நல்லா இருக்குது. இந்தப் பவுடர் விஷமும் இல்ல, அமிர்தமும் இல்ல. பால்ல இருக்கற ஒரு சத்து, அவ்ளோதான். ஏற்கெனவே கிட்னி கெட்டவங்க எங்கள கேக்காம சாப்பிடக் கூடாது. மத்தவங்க இத சோத்துக்குப் பதிலா வெச்சிக்கக் கூடாது” என்றார். நான் அவரைக் கும்பிட்டேன். நீ காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். உன் இடத்துக்கு வேறு ஒருவன் போய்விட்டான் என்று ஏஜென்ட் முந்தின வாரமே செய்தி அனுப்பியிருந்ததை வெளியே வந்த பிறகுதான் சொன்னாய்.

நீ கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வண்டியைக் கிளப்பும்போது, “என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ப்பா” என்றாய். அதற்குப் பிறகு நாலு மாசம் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. டவுனில் ஏசி ரிப்பேர் கடைக்கு வேலைக்குப் போனாய். காலையில் பால் கேன்களை எப்போதும் போல எனக்கு இறக்கிக் கொடுத்தாய். பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால், நான் சொல்லாமலே முந்தின நாளே பன்னீரை லாட்ஜில் போட்டுவிட்டு வந்தாய். எல்லாம் செய்தாய், பேச்சு மட்டும் இல்லை.

அந்த நாலு மாசத்தில்தான் எனக்கு அந்தப் பொடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை வந்தது. குற்ற உணர்ச்சி என்றும் சொல்லலாம். ஆனால் உண்மையிலேயே ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டிருந்தது. என் குழாயில் ஓடுகிற தண்ணீருக்குள் அது இருக்கிறதென்றால், என்னால் ஏன் எடுக்க முடியாது? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது லிட்டர் பன்னீர்த் தண்ணீரைப் பெரிய அண்டாவில் ஊற்றி அடுப்பை மூட்டினேன். மதியம் வரை கிளறினேன். கடைசியில் அண்டா அடியில் பாகு மாதிரி மஞ்சளாக ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது. வெயிலில் காய வைத்தால் பொடியாகும் என்று தட்டில் பரப்பினேன். ஆகவில்லை, விரலில் பிசுபிசுத்தது. உன் அம்மா ஒரு துளி நாக்கில் வைத்துவிட்டு, “புளிக்குது, இனிக்குது, உப்பும் கரிக்குது. இது எந்த வியாதிக்கு?” என்றாள்.

நீ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். கிட்டே வந்து தட்டில் விரல் வைத்தாய்.

“இதுல புரோட்டீன் கொஞ்சம்தான்ப்பா இருக்கும். பால்ல இருக்கற சர்க்கரையும் உப்பும்தான் ஜாஸ்தி.”

“ஏன்? அதே தண்ணிதான?”

“அதே தண்ணி இல்ல. நீ பால நல்லாக் கொதிக்க வெச்சுத் திரிக்கற. அந்தச் சூட்டுலயே அதுவும் பன்னீரோட சேந்து ஒட்டிக்குது. சீஸ் பண்றவங்க அவ்ளோ சூடு பண்ண மாட்டாங்க, அதனால தண்ணியிலயே நிக்கும். அத ரொம்பச் சன்னமான வடிகட்டியில வடிச்சு, சர்க்கரைய வெளிய தள்ளி, அப்பறம்தான் காய வெப்பாங்க.”

“அப்போ நான் கொட்டினது உன் டப்பாவுல இருந்தது இல்ல?”

“இல்லப்பா. உன் பன்னீருக்குள்ளதான் இருக்குது.”

ஒரு கோடை முழுக்க நான் ஊரைச் சிரிக்க வைத்த கதை பொய் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நாலு மாசம் கழித்து நீ என்னிடம் இத்தனை வாக்கியம் சேர்த்துப் பேசினாயே! அந்தப் பேச்சு நின்றுவிடக் கூடாது என்றுதான் நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன்: “அப்படின்னா உன் ஒரு கரண்டியும் நம்ம வீட்டுச் சாப்பாடும் எவ்ளோக்கு எவ்ளோ?”

பன்னீர் நிறுக்கும் தராசை நீ சமையலறைக்குக் கொண்டுவந்தாய். ஒரு வாரம் நம் வீட்டில் தராசு ஏறாத பண்டம் இல்லை. உன் டப்பா ஒரு கரண்டியில் இருபத்து நாலு கிராம் புரோட்டீன் என்றது. அதற்கு நாலு முட்டை வேண்டும், அல்லது என் பன்னீரில் ஒரு நூற்று முப்பது கிராம், அல்லது ஊறப்போடும் முன் நூற்று இருபது கிராம் கொண்டைக்கடலை. மல்லாட்டையில், அதுதான் வேர்க்கடலையில், நூறு கிராமிலேயே அந்த அளவு வந்துவிடும் என்று தெரிந்ததும் நான் துள்ளினேன், நம் கொல்லையில் விளைகிற கடலையாயிற்றே. “அதோட பாதிக்குக் கிட்ட எண்ணெயும் வரும்ப்பா, மூணு வேளையும் தின்ன முடியாது” என்று நீ என்னை உட்கார வைத்தாய். சோற்றிலும் புரோட்டீன் இருக்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி. ஒரு தட்டு சோற்றுக்கு ஒரு முட்டைக்குச் சற்று மேல். பருப்பில் குறைவதைச் சோறு நிரப்பும், சோற்றில் குறைவதைப் பருப்பு நிரப்பும் என்று நீ போனில் படித்துக் காட்டியபோது, உன் அம்மா அடுப்புப் பக்கமிருந்து, “அதான சாம்பாரும் சோறும்” என்றாள். ஆனால் நம் சாம்பாரில் பருப்பைத் தேடத்தான் வேண்டியிருந்தது. பொடியில் இல்லாததும் தெரிந்தது. கடலையில் இருக்கிற நார் அதில் இல்லை, இரும்புச் சத்து இல்லை, மென்று தின்கிற நிறைவு இல்லை. கடலையிலும் முட்டையிலும் இல்லாத ஒன்று பொடியில் இருந்தது. அதற்குப் பல் வேண்டாம், பசி வேண்டாம், நேரமும் வேண்டாம்.

வாரக் கடைசியில் நீ மூன்று பேருக்கும் கணக்குப் போட்டாய். எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் என்று டாக்டர் சொன்னதை வைத்துக்கொண்டு பார்த்தோம். ரிப்போர்ட் சரியானதும் சோற்றோடு பொடியும் திரும்ப ஆரம்பித்திருந்த நீ தேவைக்கு ரெண்டு பங்கு. நான் பாலும் பன்னீரும் முட்டையுமாக ஏறக்குறையச் சரி. உன் அம்மா பாதிதான். நீ தப்பாகப் போட்டுவிட்டாய் என்று திரும்பப் போடச் சொன்னேன். மறுபடியும் பாதிதான் வந்தது. ஒரே அடுப்பு, ஒரே சட்டி, அவளுக்கு மட்டும் எப்படிப் பாதி?

“சுண்டல் பண்றியே, நீ ஏன் தின்னல?” என்று கேட்டேன்.

“எனக்கு வேணாம். வாயு.”

நீ விடவில்லை. “அம்மா, வாயத் தொற.”

“சும்மா இருடா.”

“தொறம்மா.”

ரெண்டு பக்கமும் கடைவாய்ப் பல் இல்லை. ஒன்று விழுந்து ரெண்டு வருஷம் ஆகிறதாம், மற்றதை அவளே பிடுங்கிக்கொண்டாளாம். கடலை மெல்ல முடியாது, கறி மெல்ல முடியாது, முட்டை வாசனை அவளுக்கு ஆகாது, பாலும் பன்னீரும் விற்கிற சரக்கு என்று தனக்கு எடுத்துக்கொள்ள மாட்டாள். ரசம் சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு எழுந்துவிடுவாள். நம் ரெண்டு பேருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் தனியாக உட்காருகிறவள் தட்டில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தோம்? மாடு கறந்துவிட்டு எழும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுவதை நான் தினமும் பார்த்தேன். மூட்டு வலி என்றாள், சரி என்றேன். நீ அவளை நாற்காலியில் உட்கார வைத்து, கை ஊன்றாமல் அஞ்சு தடவை எழச் சொன்னாய். ரெண்டாவது தடவையே முடியவில்லை. அவள் சிரித்தாள். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனதை நான் பார்த்தேன்.

அதன் பிறகு நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. டாக்டரிடம் அழைத்துப் போய், முதலில் ரத்தம் சோதித்து, பல் கட்டுகிற வரை உன் பொடியையே அவளுக்குக் கொடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டு வந்தோம். வெனிலா வாசனைப் பொடியைக் கேழ்வரகுக் கூழில் கலந்தாய். “கூழுல சென்ட் ஊத்தினியாடா?” என்று அவள் தள்ளிவைத்தாள். கொதிக்கிற கஞ்சியில் போட்டாய், கட்டி கட்டியாகத் திரிந்தது. பதினெட்டு வருஷம் பாலைத் திரித்த எனக்கு அது ஏன் என்று உடனே தெரிந்தது. முதல் தடவையாக நான் உனக்கு ஒன்று சொன்னேன், “ஆற வெச்சுப் போடு.” வாசனை சேர்க்காத பொடியைத் தேடி வாங்கி, வெதுவெதுப்பான கஞ்சியில் சீரகமும் உப்பும் போட்டுக் கலக்கினோம். குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தாள். “பரவால்ல” என்றாள். மூன்று மாசம் அப்படி ஓடியது. நாற்காலிப் பயிற்சிக்கு உன் மாஸ்டரே போனில் அளவு சொன்னார். நான் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “உக்காருங்கண்ணா” என்று அதே நாற்காலியைப் போட்டார். பல் கட்டியதும் உன் அம்மா முதலில் கேட்டது மொச்சைக்கொட்டைக் குழம்பு. இப்போது பொடியைத் தொடுவதில்லை, கறந்துவிட்டுக் கயிற்றைப் பிடிக்காமல் எழுகிறாள். அதற்குக் காரணம் பொடியா, பல்லா, பயிற்சியா, நாம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்ததா என்று எனக்குத் தெரியாது. தராசில் வைத்துப் பிரிக்க முடியவில்லை.

நீயும் ஒரு கரண்டிக்கு வந்துவிட்டாய், அதுவும் வேலை முடிந்து சோறு தாமதமாகிற நாளில் மட்டும். நான் சொல்லி நீ அப்படிச் செய்யவில்லை. நீயே பார்த்து முடிவு செய்தாய். அதனால்தான் அது நிற்கும் என்று நம்புகிறேன். நீ பொடி வாங்கினால் கேட்டுத் தெரிந்த கடையில் வாங்கு, சீல் பார்த்து வாங்கு, தண்ணீர் நிறையக் குடி. மற்றபடி அதைப் பற்றி என்னிடம் உனக்குச் சொல்லப் புத்திமதி எதுவும் இல்லை. உன்னிடம் தெரிந்துகொண்டதுதான் எல்லாம்.

நான் செய்தது தப்பு. உன் ஒரு வருஷத்தை ஒரு போனில் தொலைத்தேன். பயத்தில் செய்தேன் என்பது காரணம்தான், ஆனால் உனக்கு அது ஈடாகாது. உனக்கு ஒரு நோய் வந்ததோ இல்லையோ, அதைச் சொல்கிற வாய் உன்னுடையது. அதை நான் பிடுங்கிக்கொண்டேன். என்னை மன்னித்துவிடு.

கத்தாரில் ஒரு அறையில் ஆறு பேர் என்று சொன்னாய். நேபாளத்துப் பையன்கள் ரெண்டு பேர், வங்காளத்துக்காரர் ஒருவர் என்றும் சொன்னாய். அவர்கள் என்ன பருப்பு வேகவைக்கிறார்கள், மீனை எப்படிக் குழம்பு வைக்கிறார்கள், அந்த ஊர்க் கடையில் நம் காராமணி கிடைக்கிறதா, தயிர் புளிக்கிறதா என்றெல்லாம் எனக்குப் போனில் சொல். உன்னைக் கண்காணிக்கக் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆறு பேரில் யாராவது ஒருவன் தினமும் சீக்கிரம் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தால் மட்டும், ஏன் என்று அவனைக் கேள். வாயு என்று சொன்னால் நம்பாதே, இன்னொரு தடவை கேள்.

அப்பா